தூத்துக்குடியில் ரெண்டு நாள்: பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

வணக்கம் மக்களே. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வருது. 6 வயசிலும் 11 வயசிலும் ரெண்டு வாலுங்க, கூடவே முட்டிவலியோட அத்தை.

ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் போனமுறையே பார்த்தாச்சு. பெரியவன் "இங்கயும் ஊஞ்சல்தானா மாமா"ன்னு கேட்டுட்டான். முயல் தீவு யோசிச்சேன். இப்ப பொதுமக்களை உள்ளே விடுறாங்களா, எத்தனை மணி வரைக்கும்? சமீபத்தில் போனவங்க மட்டும் சொல்லுங்க. ஒருதடவை யார் பேச்சையோ கேட்டுப் போய் வாசலோட திரும்பினேன்.

மறுநாள் திருச்செந்தூர் வழியா மணப்பாடு போக ஆசை. மணல்குன்று மேல இருக்கிற திருச்சிலுவைக் கோயிலுக்கு அத்தையால ஏற முடியுமா, வண்டி எதுவரை போகும்? அங்கே அலைச்சறுக்கு கத்துக்கொடுக்கிறாங்களாமே, 11 வயசுப் பையனைச் சேர்ப்பாங்களா? திரும்பும்போது காயல்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் உட்காரலாம்னு திட்டம்.

திருவிழா நாளில் சின்னக்கோயில், பெரியகோயில் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காதுன்னு தெரியும். எங்கே விட்டுட்டு ஆட்டோ பிடிக்கலாம்?

பொரிச்ச பரோட்டாவுக்கும் மக்ரூனுக்கும் கடை சொல்ல வேண்டாம், அதுல நான் தெளிவு!