கரும்புள்ளிகளோடு இரண்டு மாதம்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு பெங்களூருக்கு ரயில் ஏறினேன். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கிடைத்திருந்தது. கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில், சூரியனை ஆராயும் பேராசிரியர் ஒருவரிடம் இரண்டு மாத வேலை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாட்களிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். அந்தப் பழைய புகைப்படத் தகடுகள் இப்போது கணினியில் ஏறிவிட்டன. அவற்றில் கரும்புள்ளிகளை, அதாவது சூரியனின் மேற்பரப்பில் கறுப்பாகத் தெரியும் குளிர்ந்த பகுதிகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றும் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பைத்தானில் நிரல் எழுதிவிடலாம் என்றேன். பேராசிரியர் சம்மதிக்கவில்லை. "நிரல் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் அம்மா. முதலில் ஒரு வருஷத்துப் படங்களைக் கண்ணால் பார்த்து முடி" என்றார்.

அந்த ஒரு வருஷம்தான் எனக்குப் பாடம். தகட்டில் கீறல் உண்டு, தூசி உண்டு, பூஞ்சை படர்ந்த இடமும் உண்டு. எல்லாமே கறுப்பாகத் தெரியும். மறுநாள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சூரியன் சுழல்வதால், உண்மையான புள்ளி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 டிகிரி நகர்ந்திருக்கும். சின்னப் புள்ளிகள் ஒரே நாளில் மறைந்தும் போகும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பெரிய புள்ளி என்றால் சந்தேகமே வராது: நடுவில் அடர்ந்த கருமை, சுற்றிலும் வெளிறிய வளையம். எந்தக் கீறலுக்கும் அப்படி ஒரு வளையம் அமையாது.

அந்த வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை 1909இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இதே கொடைக்கானலில்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எனக்குக் கோபமே வந்தது.

ஒருநாள் தேநீர் வேளையில், அந்த மலையில் ஆய்வகம் ஏன் வந்தது என்று கேட்டேன். பேராசிரியர் 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்கினார். மழை பொய்த்து லட்சக்கணக்கானோர் மடிந்த பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வி வலுத்தது. 1899இல் ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பஞ்சத்தை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறேன். அதற்கும் என் திரையில் இருந்த வட்டத்துக்கும் உறவு இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

பிறகுதான் நிரல். புள்ளிகளின் அட்சரேகையை ஆண்டுவாரியாக வரைந்தபோது, புள்ளிகள் கூடிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியின் தொடக்கத்தில் அவை 30 டிகிரிக்கு அருகே தோன்றின; வரவரப் புதிய புள்ளிகள் நடுக்கோட்டுக்கு நெருக்கமாகத் தோன்றின. வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் போன்ற அந்த வரைபடத்தை ஆங்கிலேய வானியலாளர் மவுண்டர் 1904இலேயே வரைந்துவிட்டார். புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லைதான். ஆனாலும் பெயர் தெரியாத யாரோ மலையுச்சியில் விடாமல் எடுத்துவைத்த படங்களிலிருந்து அது என் கையால் எழுந்து வந்தபோது உடம்பு சிலிர்த்தது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: விருப்ப அறிக்கையில் "அறிவியல் ஆர்வம் உண்டு" என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கேள்வி உங்களைத் துளைக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பேராசிரியரின் ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள். பயிற்சி முடிவதற்குள் நம் கல்லூரிகள் ஜூனில் திறந்துவிடும். வருகைப்பதிவைக் காட்டி என்னையும் அலைக்கழித்தார்கள். மாணவர் ஆராய்ச்சிக்குப் போகும்போது கல்லூரிதான் வளைந்துகொடுக்க வேண்டும். அதுவரை, தேர்வுக் கடிதம் வந்த அன்றே அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.