இளம் வக்காவா, தோசிக்கொக்கா?

கேள்வி: கொக்கு இனப் பறவை ஒன்று; உடல் பழுப்பு, மார்பில் நீளக் கோடுகள், இறக்கையில் வெளிர் புள்ளிகள். இளம் வக்காவா, தோசிக்கொக்கா, மடையானா? எதை வைத்துப் பிரிப்பது?

பதில் 1: முதலில் புள்ளியைப் பாருங்கள். இளம் வக்காவுக்கு முதுகிலும் இறக்கையிலும் கண்ணீர்த்துளி வடிவில் பெரிய புள்ளிகள். இளம் தோசிக்கொக்குக்கு இறக்கைச் சிறகுகளின் நுனியில் சின்னப் பொட்டுகள்தான்; உச்சந்தலையும் கருமை. அலகு வக்காவுக்குத் தடிமன், கீழ்ப்பாதி மஞ்சள். தோசிக்கு மெலிந்து நீண்டிருக்கும்.

பதில் 2: மடையானுக்கு முதுகில் புள்ளியே கிடையாது. தானாகப் பறக்கும்வரை காத்திருங்கள் (விரட்ட வேண்டாம்). இறக்கையும் வாலும் பளிச்சென வெள்ளையாக விரிந்தால் மடையான்தான்.

பதில் 3: தனிப் படத்தில் அளவை நம்பாதீர்கள். வக்கா சுமார் 60 செ.மீ., மற்றவை 45 செ.மீ. அளவுதான், ஆனால் கழுத்தை உள்ளிழுத்துக் குந்தினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இன்னொன்று, இரண்டாம் ஆண்டு வக்காவில் புள்ளிகள் மங்கிவிடும். பலர் ஏமாறுவது அங்கேதான்.