குன்னூரிலிருந்து உதகைக்கு: பேருந்தை விட்டு மலை ரயிலில் வேலைக்குப் போன அனுபவம்

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி:

பதினோரு ஆண்டுகளாக நான் குன்னூரிலிருந்து உதகைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சேரிங் கிராஸ் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இத்தனை ஆண்டுகளும் பேருந்துதான். வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி, நொண்டிமேடு என்று ஒவ்வொரு வளைவும் உடம்புக்கே மனப்பாடமாகிவிட்ட பாதை அது. குன்னூர்ப் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே சில நிமிட நடைதான். ரயில்வே கேட் மூடும்போதெல்லாம் நின்று, ரயிலைப் பார்த்து, பிறகு பேருந்துக்கு ஓடியிருக்கிறேனே தவிர, அதில் ஏறி வேலைக்குப் போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் அந்த ரயிலில் ஏறியது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறைதான்.

அந்த எண்ணம் மாறியது சென்ற மே மாதத்தில். சீசன் நேரம் என்பதால் வழக்கத்தைவிட முன்னதாக, ஏழரை மணிப் பேருந்திலேயே ஏறியிருந்தேன். அருவங்காட்டை நெருங்கும்போது முன்னால் ஒரு சுற்றுலா வேன் பழுதாகி வளைவில் நின்றுவிட்டது. மேலிருந்தும் கீழிருந்தும் வண்டிகள் சேர்ந்துகொள்ள, ஐம்பது நிமிடம் பேருந்து அசையவில்லை. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்அனுமதி பெற்று வரும் இ-பாஸ் முறை வந்திருந்தாலும், சீசன் நாள்களில் நெரிசல் அடியோடு தீர்ந்துவிட்டதாக இந்தச் சாலையில் தினமும் போகிற எவரும் சொல்ல மாட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நீல நிற ரயில் அவசரமே இல்லாமல் எங்களைக் கடந்து போனது. எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் தாமதத்துக்கு அரைநாள் விடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று எனக்கு மூன்றாவது நாள்.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை ரயிலுக்குப் போனேன். காலை வண்டி 7.45 மணிக்கு. நான் நிலையத்துக்குள் நுழைந்தது ஏழு இருபத்தைந்துக்கு. முன்பதிவில்லாச் சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போதே சீட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கைக்குத் தக்கபடிதான் சீட்டு என்பது எனக்குத் தெரியாது. பேருந்தைப் போல் நெருக்கியடித்து நின்றுகொண்டாவது போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அன்று பேருந்து நிலையத்துக்கு ஓடியதுதான் மிச்சம்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே போய் நின்றதில் சீட்டுக் கிடைத்தது. பெட்டிக்குள் நடைபாதை கிடையாது. ஒவ்வொரு தடுப்புக்கும் தனித்தனிக் கதவு. எதிரெதிராக இரண்டு நீண்ட இருக்கைகள். ஒரு கதவு வழியாக ஏறி உட்கார்ந்துவிட்டால், வண்டி நிற்கும்வரை அந்தத் தடுப்பில் இருப்பவர்கள்தான் நமக்கு உறவு. என் தடுப்பில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. வண்டி கிளம்பியதும் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் கலவரமாகி, “அப்பா, திரும்பவும் மேட்டுப்பாளையமே போகுது!” என்று அழத் தொடங்கிவிட்டான். அவன் அப்பாவுக்கும் காரணம் தெரியவில்லை. “பயப்படாதே தம்பி, இந்த ஸ்டேஷனே அப்படித்தான். கொஞ்சம் பின்னால் போய்த்தான் மேலே ஏறும்” என்றேன். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பாதை குன்னூரோடு முடிந்துவிட்டது. உதகைக்கு ரயில் போனது 1908-இல்தான். முதலில் கடைசி நிலையமாகக் கட்டப்பட்டது என்பதால், இன்றும் உதகை போகும் வண்டி சற்றுப் பின்வாங்கித்தான் மேலே போகும் தடத்தைப் பிடிக்கிறது. இதை என் தாத்தா எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனுக்குச் சொன்னபோது, நாற்பது வயதில் எனக்கும் அது புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது.

குன்னூருக்குக் கீழே இருப்பதுபோன்ற பல்சக்கரத் தண்டவாளம் மேல்பகுதியில் இல்லை. டீசல் எஞ்சின்தான். ஆனாலும் வேகம் என்று சொல்ல முடியாது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நல்ல நாளில் ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அந்த நல்ல நாள் எது என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போது தெரியாது. ரயில் தாமதமானால் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம். இந்த ஐந்து மாதங்களில் ஒரே ஒருநாள்தான் அதைத் தாண்டியது. ஒன்பது மணி சுமாருக்கு உதகை நிலையத்தில் இறங்கினால், ஒன்பதரை மணி அலுவலகத்துக்கு நடந்தே போய்விடுகிறேன். தாமதத்துக்காக அரைநாள் விடுப்பு ஜூனிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

அந்த ஒருநாள் எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, வெலிங்டனைத் தாண்டியதும் வண்டி நின்றது. வெளியே மேகம் இறங்கித் தைல மரங்களின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தின் நடுவே ஒரு காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்குமே, அதுதான் முதலில் தெரிந்தது, பிறகுதான் உடம்பு. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் இருமுறை ஒலியெழுப்பியது. அது அசையவில்லை. பிறகு ஓரத்துப் புதரிலிருந்து ஒரு கன்று ஏறி வந்து, தண்டவாளத்தைக் கடந்து, மறுபக்கம் தேயிலைக்குள் இறங்கியது. அது இறங்கிய பிறகுதான் தாய் நகர்ந்தது. என் தடுப்பில் ஒருவரும் பேசவில்லை. அன்று அலுவலகத்துக்குப் பதினெட்டு நிமிடம் தாமதம். அதற்காக எனக்கு வருத்தமில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மாலை ரயில் ஐந்தரை மணிக்கு. எங்கள் அலுவலகம் விடுவது ஐந்தே முக்கால். ஆகவே திரும்புவது பேருந்தில்தான். அடுத்தது செலவு. மலைப்பகுதிகளுக்கும் 2024-இல் மகளிர் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. சாதாரணப் பேருந்தில் எனக்குக் காசே இல்லை. “சும்மா கூட்டிக்கொண்டு போகிற வண்டியை விட்டுவிட்டு, காசு கொடுத்து மெதுவாகப் போவானேன்?” என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் கழுத்தை நெரிக்கும் ஒருவருக்கு நான் ரயிலைப் பரிந்துரைக்க மாட்டேன். சனிக்கிழமைகளிலும் தொடர் விடுமுறை நாள்களிலும் நான் முயல்வதே இல்லை. ஆறு மணிக்கே வரிசை நிறைந்துவிடுகிறது.

உங்களில் வேறு யாராவது இந்த ரயிலில் வேலைக்குப் போயிருந்தால், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கேத்தியிலிருந்து ஓர் அன்பர்:

சகோதரி எழுதியதைப் படித்தேன். நானும் இரண்டு மாதங்கள் முயன்று பார்த்துக் கைவிட்டவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை ஹட்டி என்போம்) கேத்தி ரயில் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். பேருந்துக்கு அவ்வளவு நடை இல்லை. ஏப்ரலில் அந்த நடை சுகமாக இருக்கும். நான் தொடங்கியதோ டிசம்பரில். கேரட் தோட்டத்து வரப்பு முழுவதும் உறைபனி உப்பைத் தூவியதுபோல் கிடக்கும். அதன்மேல் காலை வைத்தால் சரசரவென்று நொறுங்கும். வெயில் பட்டதும் உருகி, திரும்பி வரும் வழியெல்லாம் சேறு. அலுவலகக் காலணியைப் பையில் போட்டுக்கொண்டு, தோட்டத்துக் காலணியோடு நிலையம்வரை நடந்து, நடைமேடையில் மாற்றிக்கொள்வேன்.

இடையில் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குன்னூரிலேயே பெட்டி நிறைந்துவிட்டால் எங்களுக்கு இடம் கிடைப்பது அரிது. வண்டி நிலையத்தில் நிற்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள், எந்தத் தடுப்பில் ஓரிடம் காலியாக இருக்கிறது என்று கதவு கதவாகப் பார்த்து ஓட வேண்டும். உள்ளே நடைபாதை இல்லை என்பதன் கஷ்டம் அப்போதுதான் புரியும். சுற்றுலாப் பயணிகள் பலர் மனமுவந்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேத்தியைத் தாண்டிக் குகைக்குள் வண்டி நுழையும்போது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கூச்சலிடுவார்களே, அதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு நிச்சயமான ஓரிடம் வேண்டும். அது இல்லாததால் பேருந்துக்கே திரும்பிவிட்டேன்.

அருவங்காட்டிலிருந்து ஒரு பெரியவர்:

எங்கள் தகப்பனார் அருவங்காடு கார்டைட் என்னும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1970-களில் நாங்கள் குன்னூரில் குடியிருந்தோம். அவர் சில ஆண்டுகள் ரயிலில்தான் வேலைக்குப் போனார். அப்போது நீராவி எஞ்சின். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலர் மடிப்பில் கரித்தூள் சேரும். அம்மா ஒவ்வோர் இரவும் அந்த மடிப்பைத்தான் முதலில் தேய்ப்பார். அந்தக் காலத்தில் இதை யாரும் பாரம்பரிய ரயில் என்று அழைக்கவில்லை. காய்கறி மூட்டையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் சாதாரணமாக ஏறி இறங்கிய வண்டி அது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பிருந்தே உள்ளூர்க்காரர்கள் இதிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிவிட்டோம். சகோதரி மறுபடி ஏறியிருப்பதைப் படித்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

மழைக்காலத்தில் கவனமாக இருக்கச் சொல்வேன். 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மண்சரிவின்போது, சாலையும் தண்டவாளமும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. சாலையைச் சில நாள்களில் ஓரளவு சீராக்கினார்கள். ரயில் ஓடப் பல மாதங்கள் ஆயின.

குன்னூர்ச் சகோதரி மீண்டும்:

பெரியவர் ஐயா அவர்களுக்கும் கேத்தி அண்ணாவுக்கும் நன்றி. மழையைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அக்டோபரில் ஒருநாள் காலை ‘மண்சரிவால் மலை ரயில் ரத்து’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நேராகப் பேருந்துக்குப் போய்விட்டேன். ரத்தானது மேட்டுப்பாளையம்–குன்னூர் வண்டி மட்டும்தான். குன்னூர்–உதகை வண்டி அன்றும் ஓடியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அடிக்கடி மண் சரிந்தாலும், மேல்பகுதி பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆகவே செய்தியைப் படிப்பவர்கள் எந்தப் பகுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது மழை நாள்களில் நிலையத்துக்கே போய்க் கேட்டுவிடுகிறேன். வண்டி இல்லையென்றால் பேருந்து நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது.

அண்ணா சொன்ன நிச்சயமான ஓரிடம் என்பதுதான் முக்கியம். காலை முதல் வண்டியில் ஒரே ஒரு பெட்டியையாவது தினப்பயணிகளுக்கென்று ஒதுக்கினால், குன்னூரில் பாதியும் அருவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களுக்கு மீதியுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். சுற்றுலா வருபவர்களுக்கு எதிராக நான் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு நாளுக்கு வேறு வண்டிகளும் இருக்கின்றன. ஒன்பதரை மணிக்குள் உதகையில் இருக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு வண்டிதான். இதை ஒரு மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அருவங்காட்டிலும் கேத்தியிலும் இருந்து கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். வார நாள்களில் காலை ஏழு மணிக்கு நான் குன்னூர் நிலையத்துச் சீட்டு வரிசையில்தான் நிற்பேன்.