கரட்டுத் தடத்தில் பந்தயம் நடத்தலாமா?

தடம்வெட்டி:

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு கரட்டை, அதாவது சிறு பாறைக்குன்றைச் சுற்றி, நாங்கள் பதினாறு பேர் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துச் சென்று, மலை சைக்கிள் ஓட்டுவதற்கென ஆறு கிலோமீட்டர் தடம் வெட்டியிருக்கிறோம். அதில் இரண்டரை கிலோமீட்டர், உரிமையாளர்கள் இருவர் எழுத்தில் சம்மதம் தந்த பட்டா கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் போகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பழைய இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம். மீதியெல்லாம் கரட்டுச் சரிவில் இருக்கும் மேய்ச்சல் புறம்போக்கு. காப்புக்காட்டில் ஓர் அடி கூட இல்லை. வருகிற மாசியில் இங்கே முதல் பந்தயத்தை நடத்த வேண்டும் என்று குழுவில் பெரும்பாலோர் விரும்புகிறோம். ஊரில் சிலர் கூடாது என்கிறார்கள். ஊராட்சியில் மனு கொடுப்பதற்கு முன்பாக இருதரப்புக் கருத்தையும் இங்கே கேட்டுவிட நினைக்கிறேன்.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் பந்தயத்துக்குக் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் தனி ஓடுதளம் இருக்கிறது. ரேக்ளாவுக்கு இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று அளந்து விடும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. மலை சைக்கிளோ 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்ட விளையாட்டு. அதன் ஆசிய வாகையர் போட்டி 2023 அக்டோபரில் பக்கத்துக் கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. அவ்வளவு அருகில் வந்துவிட்ட ஒன்றுக்கு நம் பிள்ளைகள் தார்ச்சாலையிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்த மண்ணில் ஒரு தடமும், ஆண்டுக்கு ஒரு பந்தயமும் இல்லாமல் அவர்கள் அந்த மட்டத்துக்குப் போக முடியாது.

மேய்ச்சல்காரர்:

தம்பி, நீங்கள் சொல்லும் கரட்டின் தென்சரிவில் எங்கள் வீட்டு ஆடுகள் மூன்று தலைமுறையாக மேய்கின்றன. ஆகவே நான் வெளியாளாகப் பேசவில்லை. பட்டா நிலத்துக்காரர்கள் சம்மதம் தந்தது அவர்கள் உரிமை; அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் புறம்போக்குக்கு யார் சம்மதம் தந்தார்கள்? ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீங்கள் வேலி போடவில்லை, வீடு கட்டவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பந்தயம் என்று வந்துவிட்டால் அன்றைக்கும், அதற்கு முந்தைய பயிற்சி நாள்களிலும், ஆட்டை அந்தப் பக்கம் விடாதே என்று என்னிடம்தானே சொல்வீர்கள்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கரட்டில் வழி இல்லாதிருந்தவரை அங்கே சரளை அள்ள யாரும் வரவில்லை. நீங்கள் ஓர் அடி அகலத்துக்குத் தடம் போட்டீர்கள். மூன்றாம் மாதமே அதில் மோட்டார் சைக்கிள் ஏறியது. நாளைக்கு அது மினி லாரிக்கான வழியாகாது என்பதற்கு என்ன உறுதி? கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் எவ்வளவு ஆழம் வெட்டப்பட்டது என்பதை 2021இல் அந்தச் சூளைகள் மூடப்பட்ட பிறகுதான் பலரும் போய்ப் பார்த்தார்கள். வெட்டிய மண் திரும்பி வராது.

தடம்வெட்டி:

அய்யா, மோட்டார் சைக்கிள் ஏறியது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் தடம் வாகனம் போகிற பாதையாக வெட்டப்படவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். இதை ஊரில் யாருக்கும் நாங்கள் சரியாகச் சொன்னதில்லை.

நம் பகுதியில் மழை குறைவு. ஆனால் பெய்யும்போது ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மாலையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சரிவில் நேராக மேலிருந்து கீழே இறங்குகிற எந்தத் தடமும் அந்த ஒரே மாலையில் வாய்க்காலாகிவிடும்; அடுத்த ஆண்டு அது ஓடை. ஆகவே சரிவைக் குறுக்காக அணைத்துக்கொண்டுதான் தடம் போக வேண்டும். சரிவு நூறடிக்கு இருபதடி இறங்கினால், அதன் மேல் போகும் தடம் நூறடிக்குப் பத்தடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது தடம் வெட்டுகிறவர்களின் பொது விதி. முழு நீளத்துக்கும் சராசரியாகப் பத்து விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அதன் மேல் தடம் அமைத்தால் முதல் மழையிலேயே சரிந்துவிடும் என்பதால், முழு அகலத்தையும் கரட்டின் கெட்டியான மண்ணிலேயே குடைந்தோம். மேற்பரப்பைக் கீழ்ப்பக்கமாகச் சற்றே சாய்த்திருக்கிறோம்; அதனால் நீர் தடத்தின் வழியே ஓடாமல் தடத்தைக் கடந்து போய்விடும். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை தடம் தணிந்து மறுபடி எழும்; அங்கே நீர் தேங்காமல் வெளியே தள்ளப்படும். இவ்வளவையும் கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை வைத்தே அளந்தோம்.

மண் அரிப்பைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் நடத்தி 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றை ஒரே தடங்களில் நூறு முறை கடக்கச் செய்து பார்த்தார்கள். சக்கரங்கள் பெயர்த்ததை விடக் கால்களும் குளம்புகளும் அதிக மண்ணைப் பெயர்த்தன.

சரளைச்சக்கரம்:

நானும் அந்தத் தடத்தில் ஓட்டுகிறவன்தான். வெள்வேல் முள்ளுக்குப் பயந்து டியூப்லெஸ்ஸுக்கு மாறி, டயருக்குள் ஓட்டையை அடைக்கும் ரப்பர் பால் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன். தடம் வேண்டும், பந்தயம் வேண்டாம் என்பது என் நிலை.

தம்பி காட்டும் ஆய்வு, எண்ணிக்கை வகுத்து ஒழுங்காகக் கடந்த சக்கரங்களை அளந்தது. பந்தயத்தில் ஒருவன் அப்படி ஓட்டுவதில்லை. வளைவுக்குள் வேகமாக வந்து பின் பிரேக்கை இறுக்குகிறான்; சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடுகிறது; செம்மண் தூளாகிப் பறக்கிறது. நூறு பேர் ஒரே இடத்தில் பிரேக் பிடித்தால் அங்கே அலை அலையாக மேடு பள்ளம் விழும். கூட்டமாகப் புறப்பட்டால் முந்துவதற்கு இடம் வேண்டும், ஓர் அடித் தடத்தில் அது இல்லை, புல்லில் இறங்குவார்கள். இரண்டு நொடி மிச்சமாகும் என்றால் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் போவார்கள். நான் ஓட்டிய வேறொரு பந்தயத்தில் காலையில் ஒன்றாக இருந்த தடம் மாலையில் மூன்றாகிவிட்டது. அது மறுபடி ஒன்றாவதற்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. அன்று முந்துவதற்காகப் புல்லில் இறங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பார்க்க வருகிறவர்களை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுடைய கார்களை எங்கே நிறுத்துவீர்கள்? கொழுக்கட்டைப் புல் நிற்கிற கொறங்காட்டில்தானே?

நொய்யல்கரை:

பந்தயம் வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று தடம்வெட்டியைக் கேளுங்கள். பதினாறில் ஐந்தாறு பேர்தான் தவறாமல் வந்தார்கள். பந்தயம் என்ற பேச்சு வந்த பிறகுதான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சனி இரவு ஷிப்ட் முடித்த இளைஞர்கள் கூட நேராக இங்கே வந்து கல் சுமந்தார்கள். பந்தயத்தை எடுத்துவிட்டால் தடத்தைப் பராமரிக்க ஆள் இருக்காது. பராமரிக்காத தடம் ஓடையாகும்.

இன்னொன்று. அந்தத் தடத்தில் முதன்முதலில் ஓட்டியவர்கள் விலையுயர்ந்த சைக்கிள்காரர்கள் இல்லை. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியிலேயே ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கென ஒரு பிரிவு வைக்க வேண்டும் என்று நான் குழுவில் கேட்டிருக்கிறேன்.

சரளைச்சக்கரம்:

அந்தப் பிரிவுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். கியர் இல்லாத, கனமான, சாதாரணப் பிரேக் கட்டை வைத்த அந்த வண்டி, பள்ளிக்கும் வீட்டுக்கும் போவதற்காகச் செய்யப்பட்டது. வடசரிவின் இறக்கத்தில் பிரேக் கட்டை சூடேறி வழுக்கினால் பிள்ளை பாறையில் போய் விழும். அங்கே சுருட்டை விரியன் நிறைய உண்டு. ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டி வைக்க விரும்பினால் கொறங்காட்டின் சமதளப் பகுதியில் மட்டும், ஹெல்மெட் கொடுத்து வையுங்கள்.

கிளுவைவேலி:

பந்தயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள்; இட்டேரியைப் பற்றி யாரும் பேசவில்லை. இருபுறமும் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை நட்டு, அது வேலியாக வளர்ந்து, நடுவே மாடும் வண்டியும் போக விட்ட தடம்தான் இட்டேரி. கொங்கு நாட்டில் வேளாண்மைக்கு உள்ளே மிஞ்சியிருக்கிற காடு என்றால் அதுதான். கௌதாரியும் காடையும் கீரியும் ஓணானும் அந்த வேலியடியில்தான் வாழ்கின்றன. பல ஊர்களில் இட்டேரியைத் தார்ச்சாலையாக்கும்போது அகலம் போதவில்லை என்று வேலியைப் பிடுங்கி, கம்பி கட்டிவிட்டார்கள். அப்படிப் பிடுங்காமல் மிச்சம் இருக்கிற ஓர் இட்டேரியில், ஹாண்டில்பார் இடிக்கிறது என்று உங்கள் குழுவினர் கிளுவைக் கிளைகளை வெட்டியிருப்பதைப் போன வாரம் என் கண்ணால் பார்த்தேன். வேலியின் அடிவரை மண்ணும் கொத்தப்பட்டிருக்கிறது. வேர் வெளியே தெரிகிறது. நீர் வடிவதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியவர் இதை எப்படி அனுமதித்தார் என்று எனக்குப் புரியவில்லை. மனம் வெந்துபோய் எழுதுகிறேன்.

தடம்வெட்டி:

கிளுவைவேலி அவர்களுக்கு: வெட்டியது எங்கள் ஆள்கள்தான். நான் அன்று இல்லை என்பது சமாதானமாகாது; குழுவின் பெயரில் நடந்தது. மழைக்கு முன்பாக வேரை மண்ணிட்டு மூடி, இடைவெளி விழுந்த இடங்களில் புதிய போத்து நடுகிறோம். பந்தயத் தடத்திலிருந்து இட்டேரியை முழுதாக எடுத்துவிடுவதே சரி என்று இப்போது நினைக்கிறேன், சுற்று ஐந்து கிலோமீட்டருக்குள் சுருங்கும், சுருங்கட்டும்.

சரளைச்சக்கரம் அண்ணா சொன்ன கூட்டப் புறப்பாட்டைக் கைவிடலாம். நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடச் செய்தால் முந்துவதற்கான தேவையே பெரும்பாலும் இல்லாமல் போகும். வளைவை அறுப்பவரை உடனே நீக்கிவிடலாம். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்பார். ஐம்பது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். முந்தைய மூன்று நாளில் மழை பெய்து, குதிகாலை அழுத்தினால் மண்ணில் பள்ளம் விழும் நிலை இருந்தால், பந்தயம் அன்று இல்லை. கார்கள் சந்தைப் பேட்டையில் நிற்கட்டும்; அங்கிருந்து நடந்து வரட்டும். ஆனால் பந்தயமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. நொய்யல்கரை சொன்னதுதான் காரணம். போட்டி இல்லாத தடத்துக்கு ஊக்கம் இல்லை, ஊக்கம் இல்லாத தடத்துக்கு மண்வெட்டி வராது.

சரளைச்சக்கரம்:

தனித்தனியாக அனுப்புவதாக இருந்தால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி பயிற்சியைப் பற்றியது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒவ்வொருவரும் இருபது முறை அந்த இறக்கத்தில் ஓடிப் பார்ப்பார்கள்; சேதம் அப்போதுதான் நடக்கும், பந்தய நாளில் இல்லை. தடத்தைப் பந்தய நாள் காலைவரை பூட்டி வைக்க வழி சொல்லுங்கள்.

மேய்ச்சல்காரர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவது தெரிகிறது, அதற்கு நன்றி. ஆனால் அவர் பெருமையாக எழுதிய நீர் வடிப்பைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். தென்சரிவில் பெய்கிற மழை முழுவதும் அடிவாரத்துக் குட்டைக்கு வந்து சேரும். அந்தக் குட்டை நிறைந்தால் பங்குனி வரை ஆடு மாட்டுக்குத் தண்ணீர். போன கார்த்திகை மழையில் குட்டை பாதிதான் நிறைந்தது. மழை குறைவு என்று முதலில் நினைத்தேன். பக்கத்துக் குட்டை வழிந்து ஓடியதைப் பார்த்த பிறகுதான் கரட்டில் ஏறிப் பார்த்தேன். நீங்கள் தடத்தைத் தாழ்த்திய இரண்டு இடங்களில் நீர் ஒன்றுதிரண்டு, பழைய போக்கை விட்டுவிட்டு, கிழக்கே உள்ள பாறைப் பள்ளத்தில் விழுகிறது. மண் அரிக்கவில்லை, நீங்கள் சொன்னது சரி. தண்ணீர் போய்விட்டது.

தடம்வெட்டி:

அய்யா, இதை நான் அறியவில்லை. சாய்த்து வெட்டிய தடம் நீரைப் பரவலாகக் கடக்கவிடும். அதனால் போக்கு மாறாது என்றுதான் நம்பினேன். தாழ்வுகள் நீரைத் திரட்டும் என்பதும், திரண்ட நீர் விழுகிற இடத்தைப் பொறுத்து இன்னொருவருடைய குட்டை வற்றும் என்பதும் தோன்றியிருக்க வேண்டும். அந்த இரண்டு தாழ்வுகளையும் மூடி, குட்டைக்கு நேர் மேலே புதிதாக அமைக்கலாம். எங்கே என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மேய்ச்சல்காரர்:

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தென்சரிவுக்கு வாருங்கள். சைக்கிள் வேண்டாம்; டியூப் மட்டத்தை மட்டும் எடுத்து வாருங்கள். தடம் தொடங்குகிற இரண்டு வாயிலும், சைக்கிள் நுழையலாம், மோட்டார் வண்டி நுழையக் கூடாது என்கிற அளவுக்குக் கல் நட்டுத் தருவதாக இருந்தால், இடத்தை நானே காட்டுகிறேன். கல்லும் என் தோட்டத்தில் கிடக்கிறது. மனுவை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து முடிக்காமல், ஜனவரி 26 கிராம சபையில் எல்லோர் முன்பும் வையுங்கள். அங்கே நான் பந்தயத்தை எதிர்த்துத்தான் பேசுவேன். குட்டை நிறைந்ததை ஒரு மழைக்காலமாவது பார்க்காமல் என்னால் மாற்றிப் பேச முடியாது.

தடம்வெட்டி:

வருகிறோம் அய்யா. கடப்பாரையும் கொண்டு வருகிறோம், கல் நடுவதற்கு. மாசி வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கிராம சபை சொன்னால் அதற்கும் கட்டுப்படுகிறோம். இதைக் குழுவில் நேற்றிரவு பேசி முடிவு செய்தோம். இருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களையும் ஞாயிறு அழைத்து வருகிறேன்.