சைக்கிள் வரைந்து படித்த சார்புகள்

பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும்தான். சார்பு என்றால் ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய். அம்புக்குறிப் படம் போட்டு மதிப்பகம் (எக்ஸ் எடுக்கும் மதிப்புகள்), துணை மதிப்பகம், வீச்சகம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். மதிப்பகத்தை எதற்குத் தனியாகச் சொல்கிறோம் என்று கேட்டால் மட்டும் வகுப்பே அமைதியாகிவிடும். பல வருடம் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருடம் ஒரு வேலை கொடுத்தேன். கிராஃப் தாளில் பிடித்த படம் ஒன்று வரைய வேண்டும். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு கோடும் ஒரு சார்பாக இருக்க வேண்டும், அதன் சமன்பாட்டைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

மறுநாளே ஒரு பையன் படகோடு வந்தான். எக்ஸ் வர்க்கத்தை 4-ஆல் வகுத்து 4-ஐக் கழித்திருந்தான், அழகான பரவளையம். "மிஸ், படகு ரெண்டு பக்கமும் மேல ஏறிக்கிட்டே போகுது" என்றான். "எங்க நிக்கணும்?" "மைனஸ் 4-லேர்ந்து 4 வரைக்கும் போதும்." "அதை எழுதுப்பா. அதுதான் மதிப்பகம்." அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

சைக்கிள் வரைந்த பெண்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தாள். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளை இப்போதே கனவு கண்டுகொண்டிருந்தவள். சக்கரத்துக்கு 3 அலகு ஆரம் எடுத்து, பிதாகரஸ் தேற்றத்தை வைத்துத் தானே சமன்பாடும் கண்டுபிடித்துவிட்டாள். எக்ஸ் 0 என்றால் ஒய் 3-ஆகவும் வருகிறது, மைனஸ் 3-ஆகவும் வருகிறது. ஒரு முன் உருவுக்கு இரண்டு நிழல் உருக்கள். செங்குத்துக் கோடு வரைபடத்தை ஓர் இடத்துக்கு மேல் வெட்டினால் அது சார்பில்லை என்னும் குத்துக்கோட்டுச் சோதனையைப் பாடமாக நடத்தியபோது தலையாட்டியவள், இப்போது உண்மையாகவே மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மேல் பாதி ஒரு சார்பு, கீழ் பாதி இன்னொரு சார்பு என்று பிரித்துக்கொண்டு வந்தாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் சீட்டைத் தாங்கும் கம்பி. செங்குத்தாகப் போட்டால் சார்பாகாது. அதனால் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தாள், சாய்வு மைனஸ் 4. வெளியே நின்ற சைக்கிளைப் போய்ப் பார்த்தோம். அதிலும் அந்தக் கம்பி சாய்ந்துதான் இருந்தது!

*

டீச்சர், நானும் கணக்கு வாத்தியார்தான். உங்கள் படகைப் படித்ததும் எங்கள் குடம் ஞாபகத்துக்கு வந்தது. நான் செய்தது சின்ன வேலைதான். அரை லிட்டர் மக்கால் ஒரு குடத்தில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மக்குக்கும் குச்சியை விட்டு உயரம் அளந்து, கிராஃபில் புள்ளி வைத்தோம். ஊற்றுவதற்கு முன்பே வரைபடத்தை ஊகிக்கச் சொன்னதில் முக்கால்வாசிப் பேர் நேர்க்கோடு போட்டிருந்தார்கள். குடத்தின் வயிற்றில் தண்ணீர் மெல்ல ஏறி, கழுத்தில் விறுவிறுவென்று உயர்ந்தபோது ஒரே சத்தம்.

"உயரத்தைச் சொன்னா எத்தனை மக்குன்னு சொல்லிடலாம் சார்" என்றாள் ஒரு பெண். ஒன்றுக்கொன்றான சார்பை அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பையன் குடம் நிறைந்தும் நிறுத்தாமல் ஊற்றினான். 25, 26, 27 எல்லாவற்றுக்கும் ஒரே உயரம். "இப்ப சொல்லு பாப்போம்" என்றான் அவளிடம். அவள் கொஞ்ச நேரம் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினாள்: மதிப்பகம், 0 முதல் 24 வரை.