ஒரு மனைக்கு 5 டாலர்: மண்ணைக் காக்கும் செலவு யாருடையது?

மேட்டுமனை:
வாஷிங்டன் மாநிலத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். என் சொத்து வரிச் சீட்டில், உள்ளூர் மண், நீர்வளப் பாதுகாப்பு மாவட்டத்துக்கென்று (மண்ணையும் நீரையும் காக்க நில உரிமையாளர்களுக்கு உதவும் உள்ளூர் பொது அமைப்பு அது) தனியாக ஒரு கட்டணம் வருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் எனக்கு வயலும் இல்லை, மாடும் இல்லை. பலன் பெறாதவனிடம் வாங்குவது கட்டணம் ஆகாது, அது வரி. வரி என்றால் வாக்காளரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

ஓடைக்கரை:
உங்கள் கூரையில் விழும் மழை எங்கே போகிறது, ஐயா? கார் நிற்கும் இடத்தின் எண்ணெயையும் புல்தரைக்குப் போட்ட உரத்தையும் வாரிக்கொண்டு ஓடையில் இறங்கி, கடைசியில் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் கலக்கிறது. அங்குள்ள சினூக் சால்மன் மீன், அழியும் அச்சுறுத்தலில் உள்ள இனமாக 1999 முதல் அமெரிக்க அரசின் பட்டியலில் இருக்கிறது. 1930களின் புழுதிப்புயல்கள் வயலே இல்லாத நகரத்தார் மூச்சையும் அடைத்தன. அதன் பிறகுதான் 1937இல் இந்தப் பாதுகாப்பு மாவட்டங்களுக்கான மாதிரிச் சட்டத்தை அதிபர் ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார்.

மேட்டுமனை:
சால்மன் மீது எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் நம் மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்றான மேசன் கவுண்டியில் என்ன நடந்தது? ஏக்கர் கணக்கே பார்க்காமல் மனைக்கு 5 டாலர் என்று விதித்தார்கள். அது சட்டப்படி செல்லாது என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் கட்டணம் வாங்க வேறொரு வழியைத் திறந்துவிட்டது. பாதுகாப்பு மாவட்டத்தை நடத்தும் ஐந்து மேற்பார்வையாளர்களில் இருவர் நியமிக்கப்படுகிறவர்கள். மற்ற மூவருக்கான தேர்தல் நவம்பர் வாக்குச்சீட்டில் வருவதே இல்லை. தேர்தல் நடந்ததே பலருக்குத் தெரியாது.

பத்து ஏக்கர்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் மாடுகள் ஓடைக்குள் இறங்கி இறங்கிக் கரை சரிந்துவிட்டது. அரசு அலுவலகத்தைக் கூப்பிட்டால் அபராதம் போடுவார்கள் என்று பயந்து நான்கு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. பாதுகாப்பு மாவட்டத்துக்கு அபராதம் போடும் அதிகாரமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் அலுவலர் வந்து கரை முழுவதும் என்னோடு நடந்தார். வேலிச் செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்றார்கள், கரையில் வில்லோ மரம் நட்டோம். நான் அவரை நம்பியதால்தான் இவ்வளவும் நடந்தது. மானியத்தை மட்டும் நம்பி நடத்தினால், அது முடிந்த மாதமே அவரும் போய்விடுவார். அடுத்து வருகிறவரிடம் அந்த நம்பிக்கையை முதலிலிருந்து வளர்க்க வேண்டும்.

ஓடைக்கரை:
இன்னொன்றும் உண்டு. கட்டணத்தை விதிப்பது பாதுகாப்பு மாவட்டம் அல்ல. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுண்டி அவைதான், பொது விசாரணை நடத்தி விதிக்கிறது.

மேட்டுமனை:
பத்து ஏக்கர் நண்பர் சொன்னதை மறுக்க மாட்டேன். அந்த அலுவலரின் சம்பளத்துக்கு என் பங்கைத் தருகிறேன். ஆனால் மேற்பார்வையாளர் தேர்தலை நவம்பருக்குக் கொண்டுவர வேண்டும், கட்டணத்தைக் கூரையும் தளமும் மூடிய பரப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். என் சிறிய வீட்டுக்கும் பெரிய வணிக வளாகத்துக்கும் மனைக்கட்டணம் ஒன்றே என்றால், அடுத்த பொது விசாரணையில் எழுந்து நின்று எதிர்ப்பேன்.

ஓடைக்கரை:
பரப்புக் கணக்குக்கு நானும் உங்களோடு வந்து பேசுகிறேன். தேர்தலை நவம்பருக்கு மாற்றினால் அதை நடத்தும் செலவு மாவட்டத்தின் தலையில் விழும். வேலிக்கும் மரத்துக்கும் போக வேண்டிய பணம் அது. அதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.