சிவில் படிப்புக்காக இதே கல்லூரியில் நீடிப்பதா, கோவைக் கல்லூரிக்கு மாறுவதா?

கரூர் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். 2024 ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வு வழியாக, நாமக்கல் பக்கமுள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ. சிவில் பிரிவில் சேர்ந்து, முதலாம் ஆண்டை அரியர் இல்லாமல் முடித்திருக்கிறேன். கட்-ஆஃப் குறைந்ததால் வேறு வழியின்றி எடுத்துக்கொண்ட பிரிவு அன்று இது. விருப்பப் பட்டியலில் சிவிலை மட்டுமே நிரப்பினேன். என் தந்தை கட்டட மேஸ்திரி. பள்ளி விடுமுறைகளில் அவருடன் வேலையிடங்களுக்குப் போகும்போது, இந்தத் தூணுக்கு இத்தனை கம்பி, இந்த அளவில் என்று வரைபடத்தில் குறித்து அனுப்புகிறவர் அதை எப்படிக் கணக்கிடுகிறார் என்று அவரிடம் கேட்பேன். அவருக்கும் தெரியாது. அதைக் கற்கத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

எங்கள் வகுப்பில் மொத்தம் பதினான்கு பேர்தான் இருக்கிறோம். இவ்வாண்டுச் சேர்க்கை இன்னும் குறையும், அதன்பின் துறையையே மூடிவிடுவார்கள் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். துறையில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் அண்மையில் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக இதுவரை யாரும் வரவில்லை.

இந்நிலையில், கோவையில் பெயர்பெற்ற ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மேலாண்மை ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாக என் மாமா சொல்கிறார். வேலைவாய்ப்பு முகாமுக்குப் பெரிய நிறுவனங்கள் வரும் கல்லூரி அது. ஆனால் அங்கே சிவில் பிரிவு இல்லை. செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் பிரிவில் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். தந்தைக்கும் அதுவே விருப்பம். தம் வேலையிடத்துக்கு வந்துபோகும் இளம் பொறியாளர்களில் பலருடைய மாதச் சம்பளம் தம் கூலியைவிடக் குறைவு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஓர் ஆண்டை இழந்து மாறுவதா, விரும்பிய படிப்புக்காக இங்கேயே இருப்பதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முன்னாள் விரிவுரையாளர்:

தம்பி, கல்லூரியை மாற்றுவது, படிப்பை மாற்றுவது என்ற இரண்டு முடிவுகளை உங்கள் வீட்டில் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால், நீங்கள் குறிப்பிடாத மூன்றாவது வழி ஒன்று தெரியும்: சிவிலிலேயே தொடர்ந்துகொண்டு, மூன்றாம் பருவத்தில் வேறு கல்லூரிக்கு இடமாற்றம் பெறுவது. அதற்கு ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை.

அந்த இடமாற்றத்துக்கு, நீங்கள் போக விரும்பும் கல்லூரியில் அதே பிரிவின் இரண்டாம் ஆண்டில் காலியிடம் இருக்க வேண்டும். இரு கல்லூரி முதல்வர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். அதன்பின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புதல் அளிக்க வேண்டும். கணினி சார்ந்த பிரிவுகளில் இது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் சிவிலில் பல கல்லூரிகளில் இடங்கள் நிரம்புவதில்லை என்பதால், உங்களைக் கவலைப்பட வைத்த அதே நிலைமை இங்கே உங்களுக்கு உதவக்கூடும். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டுக்கு வரும் மாணவர்களும் அந்தக் காலியிடங்களுக்குத்தான் வருவார்கள் என்பதால் தாமதிக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே பின்பற்றும் இணைப்புக் கல்லூரிக்குப் போனால் பாடங்கள் அப்படியே பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட தாள்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். அது பெரிய சுமையாக இராது.

துறையை மூடிவிடுவார்கள் என்ற பேச்சைப் பொறுத்தவரை, ஒரு கல்லூரி ஒரு பிரிவைக் கைவிடும்போது பெரும்பாலும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகளின்படி படிப்படியாகத்தான் மூடும். அதாவது, புதிய சேர்க்கை நிற்கும். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அங்கேயே படித்து முடிக்கலாம். முழுவதுமாக மூடினால் மாணவர்களை வேறு கல்லூரிகளுக்கு மாற்றிவிட வேண்டும். எனவே பட்டம் நடுவழியில் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: மூடப்போகும் துறைக்கு எந்த நிர்வாகமும் பணம் செலவழிக்காது. போன ஆசிரியருக்குப் பதில் ஆள் வராது, பழுதான கருவி பழுதாகவே கிடக்கும். அது உங்கள் கல்லூரியில் இப்போதே தொடங்கிவிட்டதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் இதுவரை சிவில் படிக்கவே இல்லை. உங்களுக்குப் பொருந்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையின்படி முதலாம் ஆண்டில் எல்லாப் பிரிவுகளுக்கும் பெரும்பாலும் ஒரே பாடங்கள்தாம்: கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், பொறியியல் வரைபடம், தமிழர் மரபு. நில அளவை, பாய்ம இயக்கவியல், பொறியியல் இயக்கவியல் எல்லாம் மூன்றாம் பருவத்தில்தான் வருகின்றன. பொருள்களின் வலிமை அதற்கும் அடுத்த பருவத்தில். உங்கள் ஆர்வம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அது பாடப் புத்தகத்தின் முன் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பொருள்களின் வலிமை, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முடிவெடுக்கும் முன் அதில் முதல் சில வாரப் பாடங்களைக் கேட்டுக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். வளைதிருப்புத் திறனின் (சுமை ஓர் உத்தரத்தை எவ்வளவு வளைக்க முயல்கிறது என்பதன்) வரைபடத்தை வரையும்போது உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா என்பதை இங்குள்ள யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

சோழிங்கநல்லூர்:

நான் சிவில் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெருந்தொகையாக ஆள் எடுக்கும் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளை எந்தப் பொறியியல் பிரிவினரும் எழுதலாம், டி.சி.எஸ். நடத்தும் தேர்வும் அப்படித்தான். சிவில் படித்தவர் பின்னாளில் மனம் மாறி இந்தப் பக்கம் வரலாம். தரவு அறிவியல் படித்தவர் பின்னாளில் மனம் மாறிக் கட்டமைப்புப் பொறியாளராக முடியாது, ஏனெனில் எம்.இ. கட்டமைப்புப் பொறியியலுக்கு இளநிலையில் சிவில் படித்திருக்க வேண்டும். தரவு அறிவியலில் உங்களுக்கு ஆர்வம் இருப்பின், சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பை இப்போதைய படிப்போடு சேர்த்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது. எளிதான படிப்பு என்று நினைத்துச் சேர வேண்டாம். தகுதித் தேர்விலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

தளப்பொறியாளர் கோமதி:

மேலே அண்ணன் சொன்னது சட்டப்படி சரி; நடைமுறையில் முழுவதும் சரியன்று. தேர்வை யாரும் எழுதலாம் என்றாலும், பதினான்கு பேர் கொண்ட வகுப்பை நாடி எந்த நிறுவனமும் வளாகத்துக்கு வராது. வெளியே போய் எழுதி, வெளியே போய்த் தேட வேண்டும். அந்த உழைப்புக்குத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே அந்த வாசல் திறந்திருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி உங்கள் தந்தை சொல்வது உண்மை, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சிறு ஒப்பந்தக்காரர்களிடம் தொடங்கும் பொறியாளருக்கு முதல் சில ஆண்டுகள் கடினமானவை: ஆறு நாள் வேலை, கான்கிரீட் போடும் நாளில் இரவு வரை தளத்தில் நிற்பது, ஊர் ஊராக மாற்றல். பெண்களுக்குத் தளத்தில் கழிப்பறை வசதிகூட இல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன (இதைப் பற்றித் தனியாக ஒரு திரியே தொடங்கலாம்). ஆனால் சிவில் படித்தவர் எல்லாரும் தளத்தில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களை ஈர்ப்பது தளம் அன்று, வடிவமைப்பு. அந்த வேலைக்கு இக்காலத்தில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கிறார்கள். கேட் எனும் முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஐ.ஐ.டி.யிலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ முதுநிலை முடித்தவரிடம், இளநிலையை எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்பவர்கள் குறைவு. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் உதவிப் பொறியாளர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சிவில் பட்டம் வேண்டும். கல்லூரிப் பெயர் வேண்டியதில்லை.

ஆகவே கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு உங்கள் துறைக்குள் நுழைந்து பாருங்கள். டோட்டல் ஸ்டேஷன் எனும் நில அளவைக் கருவி இருக்கிறதா, இருந்தால் அதை மாணவர் கையில் கொடுக்கிறார்களா, அல்லது பரிசோதகர் வரும் நாளில் மட்டும் பெட்டியைத் திறக்கிறார்களா? கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்க்கும் இயந்திரம் ஓடுகிறதா? கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பாடத்தை அடுத்த ஆண்டு யார் நடத்தப் போகிறார், அவர் அதை இதற்கு முன் நடத்தியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குத் துறைத் தலைவரிடமிருந்து ஒரு பெயர் பதிலாக வரவில்லை என்றால், அங்கே இருக்க வேண்டாம் என்பேன். அப்போதும் மாற வேண்டியது கல்லூரியைத்தான், பிரிவை அன்று.

ஒரு தந்தை:

பணக்கணக்கை யாரும் தொடவில்லை. மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் கூடுவது ஒருபுறம் இருக்க, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கே கிடைக்கும் என்பதை நினைவில் வைக்கவும். நீங்கள் இப்போது அந்தச் சலுகையிலோ, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலோ இருந்தால் இழப்பு மிகப் பெரியது; பின்னதில் கல்விக் கட்டணம், விடுதி, போக்குவரத்து அனைத்தையும் அரசே ஏற்கிறது. பிரிவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவானால்கூட, மாமா சொல்லும் வழியை விட்டுவிட்டுப் பழைய மதிப்பெண்ணோடு கலந்தாய்வுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

விலகும் மாணவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்பது சில கல்லூரிகளின் வழக்கம். அப்படிக் கேட்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாய்ப்பேச்சில் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

கரூர் மாணவன்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நான் 7.5 சதவீத ஒதுக்கீட்டில்தான் சேர்ந்தேன். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது. அந்த விவரத்தைச் சொன்னதும் தந்தை மேலாண்மை ஒதுக்கீட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். மாமாவுக்குத்தான் சற்று வருத்தம்.

துறைத் தலைவரை நேரில் பார்த்தேன். கட்டமைப்புப் பகுப்பாய்வை யார் நடத்துவார் என்று கேட்டதற்கு, ஆள் எடுக்கப் போகிறோம் என்றார்; பெயர் வரவில்லை. என்.பி.டெல். பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன். கணக்குகள் கடினமாக இருக்கின்றன, ஆனால் விட மனம் வரவில்லை. எனவே சிவிலிலேயே இடமாற்றம் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சேலம், ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரிகளை மனத்தில் வைத்திருக்கிறேன். இடமாற்றத்துக்குப் பின்னும் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் சலுகை தொடருமா?

முன்னாள் விரிவுரையாளர்:

தொடருமா என்பதை இங்கே யார் சொன்னாலும் அதை நம்பி டி.சி. வாங்கிவிடாதீர்கள். இடமாற்ற விண்ணப்பத்திலேயே உங்கள் ஒதுக்கீட்டைக் குறிப்பிட்டு, அந்தச் சலுகை புதிய கல்லூரியிலும் தொடர வேண்டும் என்று ஒரு தனிப் பத்தியாக எழுதுங்கள்; இயக்ககத்தின் ஆணையில் அதற்கான பதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

அரசுக் கல்லூரிகளை முதலில் கேட்பது நல்லதே. ஆனால் அங்கே இரண்டாம் ஆண்டில் சிவில் காலியிடம் அரிது. அவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், சிவிலில் ஓரளவு மாணவர் எண்ணிக்கை நிலைத்திருக்கும் இணைப்புக் கல்லூரிகளையும் பட்டியலில் சேருங்கள். பட்டியலைத் தயாரிக்கும்போது கோமதி கேட்கச் சொன்ன கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். அலுவலகத்தில் வேண்டாம், அங்கு மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். இடமாற்றம் உறுதியாகும் வரை இப்போதைய கல்லூரியில் மூன்றாம் பருவத்துக்குப் பதிவு செய்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருங்கள், வருகைப்பதிவு குறைந்தால் இரண்டு இடத்திலும் சிக்கல் வரும்.